சித்தி வீட்டுப் பிள்ளையின் டி.சி.

மொழிபெயர்ப்பவனுக்குச் சில சொற்கள் ஜென்ம விரோதிகள். 'ஃபாஸ்டர் சைல்ட்' அவற்றில் ஒன்று. குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் ஒரு தொண்டு நிறுவனம், கலிஃபோர்னியா மாநிலத்தின் கையேடு ஒன்றைத் தமிழாக்கத்துக்குக் கொடுத்தது. முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். 'வளர்ப்புப் பிள்ளை' என்று எழுதினால் நம்மவர்கள் தத்துப் பிள்ளை என்றுதான் படிப்பார்கள். தத்து என்பது நிரந்தரம். இனிஷியல், சொத்து, கொள்ளி போடும் உரிமை எல்லாம் மாறிவிடும். இது அப்படியல்ல. பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத, அல்லது அவர்களிடம் விட்டுவைக்க முடியாத பிள்ளையை நீதிமன்றம் வேறு வீட்டில் விடுகிறது. நாளை அது பெற்றவர்களிடமே திரும்பலாம். மூன்றாவது வீட்டுக்கும் போகலாம்.

எம்.ஏ. வகுப்பில் படித்த செவிலித்தாய் நினைவுக்கு வந்தாள். சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. இருவருக்கும் தனித்தனி இடம், தனித்தனிக் கவலை. அந்த அருமையான சொல்லை நாம் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம். கடைசியில் சர்க்கார் வழக்கான 'வளர்ப்புப் பராமரிப்பு' என்பதையே மனமில்லாமல் எழுதிவைத்தேன்.

சொல் சண்டை முடிந்தபின் விஷயத்துக்குள் போனால் இன்னொரு ஆச்சரியம். அநாதைப் பிள்ளைகள் பற்றிய நம்மூர்ப் பிரசுரங்களில் கண்ணீர் முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடும். இந்தக் கையேடு முழுக்கக் கோப்புகளைப் பற்றிப் பேசியது. எந்த அலுவலகம் எந்த அலுவலகத்துக்கு எத்தனை நாளில் எந்தக் காகிதத்தை அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் யாரைக் கேட்க வேண்டும். வறட்டுச் சமாசாரம். ஆனாலும் படிக்கப் படிக்க எனக்கு ஒரு பையனின் முகம்தான் தெரிந்துகொண்டிருந்தது.

டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் மாடிக்கு இரண்டு மாடி கீழே ஒரு தமிழ்க் குடும்பம். 2018 செப்டம்பரில் அந்த அம்மாளின் அக்கா நாகபுரியில் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அக்காவின் கணவர் எப்போதோ குடும்பத்தை விட்டுப் போனவர். ஒன்பதாம் வகுப்பில் பாதி படித்திருந்த பையனைச் சித்தி கையோடு டெல்லிக்குக் கூட்டிவந்துவிட்டாள். காரியம் முடிந்த மறுவாரம் பக்கத்துப் பள்ளிக்கு அழைத்துப்போனாள். டி.சி. எங்கே என்றார்கள்.

நாகபுரிப் பள்ளியில் கேட்டால், பெற்றோர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போதாததற்குக் கட்டணப் பாக்கி வேறு. "நீங்க பத்திரிகைல இருக்கீங்களேண்ணா, ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க" என்று சித்தி என்னிடம் வந்தாள். எழுதிக் கொடுத்தேன். ஒன்றல்ல, நான்கு. பத்திரிகைக்காரனின் இங்கிலீஷுக்கு நாகபுரியில் எவ்வளவு மதிப்பு என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

இப்போது கலிஃபோர்னியா. அங்கே இந்தப் பிரச்சினையை முதலில் கையில் எடுத்தவை பள்ளி மாவட்டங்கள். (அங்கே பள்ளிகளை நடத்துவது மாநில அரசு அல்ல, தனியே தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களைக் கொண்ட பள்ளி மாவட்டங்கள்.) 1973இல் நான்கு பள்ளி மாவட்டங்கள் இந்தப் பிள்ளைகளுக்கென்று தனிச் சேவையைத் தொடங்கின. 1981இல் மாநிலச் சட்டமன்றம் அதை அங்கீகரித்தது. 1998இல் கவுன்ட்டிகளுக்கும் விரிந்தது. கவுன்ட்டி என்பதை நம் ஜில்லா என்று வைத்துக்கொள்ளலாம். மாநிலத்தில் 58 இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டியில் மட்டும் 80 பள்ளி மாவட்டங்கள். பிள்ளையை வீட்டிலிருந்து எடுப்பது கவுன்ட்டியின் குழந்தைகள் நலத் துறை. எங்கே விடுவது என்று முடிவு செய்வது நீதிமன்றம். பாடம் நடத்துவது பள்ளி மாவட்டம். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை சமூகப் பணியாளர் பிள்ளையை முப்பது மைல் தள்ளி வேறு வீட்டில் விட்டால், திங்கட்கிழமை பழைய வகுப்பாசிரியை ஆப்சென்ட் போடுவாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

இதன் விலை என்ன என்பதை 2013இல் வெஸ்ட்எட் என்ற ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டது. 2009-10ஆம் கல்வியாண்டில் கலிஃபோர்னியாவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் நூற்றுக்கு 84 பேர் பள்ளிப் படிப்பை முடித்தார்கள். வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவர்களில் 58 பேர். இன்னொரு எண் இதைவிட உறைக்கும். ஒரே கல்வியாண்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள், பொதுவாக நூற்றுக்கு ஒருவர். இந்தப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர்.

2004 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஏ.பி. 490 என்ற சட்டம்தான் கையேட்டின் மையம். அதன் அழகு அதன் அற்பத்தனத்தில் இருக்கிறது. புதுப் பள்ளி பிள்ளையை உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண் பட்டியல் இல்லையா, சேர். தடுப்பூசிச் சான்று இல்லையா, சேர். சீருடை இல்லையா, பழைய பள்ளியில் கட்டணம் பாக்கியா, நூலகப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டானா, எதுவானாலும் சேர். பழைய பள்ளி, கேட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் ஆவணங்களை அனுப்பியாக வேண்டும். நீதிமன்றத்துக்குப் போனதால் வகுப்புக்கு வரவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. முடிந்தால் பள்ளியை மாற்றவே கூடாது. வீடு மாறினாலும் பிள்ளை பழைய பள்ளியிலேயே தொடரலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பாதிப் பாடத்துக்கும் கணக்கு உண்டு என்பது. அங்கே உயர்நிலைப் பள்ளியில் பாடத்துக்கு இத்தனை கிரெடிட் என்று சேர்த்துக்கொண்டே போய்ப் பட்டம் வாங்க வேண்டும். பருவத்தின் நடுவில் கிளம்பிப் போன பிள்ளைக்குச் சைபர்தான் என்ற நிலை இருந்தது. இப்படி நாலு தடவை போனால் நாலு சைபர். பதினேழு வயதில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் உட்கார்ந்திருக்கும். படித்த மட்டுக்கும் கிரெடிட் கொடு, புதுப் பள்ளி அதை ஏற்றுக்கொள் என்றது சட்டம். 2010 முதல் இன்னொரு சலுகை: மேல்நிலையில் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பள்ளி மாறியவர்கள், மாநிலம் கேட்பதற்கு மேல் உள்ளூர் மாவட்டம் தன் பங்குக்கு வைத்திருக்கும் கூடுதல் பாடங்களிலிருந்து விலக்குக் கேட்கலாம்.

இதற்கெல்லாம் பொறுப்பாக ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் ஓர் ஆளை நியமிக்க வேண்டும். ஒரு குழுவையோ துறையையோ அல்ல, பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள ஓர் ஆளை. சின்ன மாவட்டங்களில் அந்த ஆளுக்கு வேறு ஐந்து வேலைகளும் இருக்கும் என்பது வேறு கதை.

சட்டம் வந்தும் ஒரு முட்டுச்சந்து இருந்தது. மாணவரின் பள்ளி ஆவணத்தைப் பெற்றோர் சம்மதமில்லாமல் பிறருக்குக் காட்டக் கூடாது என்பது 1974இன் மத்திய சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் யாரிடமிருந்து நீதிமன்றம் பிள்ளையைப் பிரித்ததோ, அதே பெற்றோரின் கையெழுத்தைத் தேடிச் சமூகப் பணியாளர் அலைய வேண்டியிருந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் இதைத் திருத்த 2013 ஜனவரி ஆகிவிட்டது. அதன் பிறகு பிள்ளையின் பொறுப்பை ஏற்ற துறை ஆவணங்களை நேரடியாகப் பெறலாம். அதே ஆண்டு கலிஃபோர்னியா தன் பள்ளி நிதி முறையை மாற்றியபோது இந்தப் பிள்ளைகளைத் தனிப் பிரிவாகக் கணக்கிடச் சொன்னது. நலத் துறையின் பட்டியலும் கல்வித் துறையின் பட்டியலும் வாரந்தோறும் ஒப்பிடப்பட ஏற்பாடாயிற்று. அதற்கு முன்பு தன் வகுப்பில் இப்படிப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பதே பல பள்ளிகளுக்குத் தெரியாது. சாக்ரமென்டோ கவுன்ட்டியின் கல்வி அலுவலகம் இதற்கெனத் தானே ஒரு கணினித் தொகுப்பை உருவாக்கியது.

பஸ் கட்டணம் யார் தருவது என்ற சண்டையும் உண்டு. பழைய பள்ளியிலேயே படிக்கலாம் என்று சொல்லிவிடலாம், முப்பது மைல் யார் கூட்டிப்போவது? 2015இன் மத்தியக் கல்விச் சட்டம், பள்ளி மாவட்டமும் நலத் துறையும் உட்கார்ந்து பேசி எழுத்தில் ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்றது. பேசினார்கள். சில இடங்களில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவைப் பார் என்று நாக்கைச் சப்புக்கொட்ட இதை எழுதவில்லை. அங்கேயும் இடைவெளி மூடிவிடவில்லை. 2015 வரை, உறவினர் வீட்டில் வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தக் கவுன்ட்டிச் சேவை கிடையாது. சித்தி வீட்டுப் பிள்ளைக்கு என்ன குறை என்ற எண்ணம் அங்கேயும் இருந்திருக்கிறது. ஏ.பி. 854 என்ற சட்டம்தான் அவர்களையும் உள்ளே சேர்த்தது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2015இன் சிறார் நீதிச் சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கு இடம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் நலக் குழு, ஒரு பாதுகாப்பு அலகு. 2021 திருத்தம் மேற்பார்வையை மாவட்ட ஆட்சியர் கையில் கொடுத்தது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிறுவனத்துக்கு வெளியே வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். ராஜஸ்தான் 2005இலேயே பாலன்ஹார் திட்டத்தைத் தொடங்கி, அநாதைப் பிள்ளையை வளர்க்கும் உறவினருக்கு உதவித்தொகை தருகிறது; பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்பது நிபந்தனை. டி.சி. விஷயத்தில்கூட 2009இன் கல்வி உரிமைச் சட்டம் கறாராகவே பேசுகிறது: டி.சி. வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஏ.பி. 490 சொல்வதும் இதுதானே என்பீர்கள். ஆனால் நம் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதிலிருந்துதான் வாரியப் பதிவு, சாதிச் சான்று, வருமானச் சான்று என்று காகிதம் குவியத் தொடங்குகிறது. டி.சி. கல்வித் துறையிடம், சாதிச் சான்று வருவாய்த் துறையிடம், பிள்ளை வேறொரு துறையிடம். நலக் குழுவின் உத்தரவு இல்லாமல் சித்தி தானாகவே அழைத்து வந்த பிள்ளை என்றால் எந்தத் துறையிடமும் இல்லை.

எல்லாரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவர நம்மால் முடியாது என்றும் சொல்ல முடியாது. 2021இல் கோவிட்டில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காகப் பி.எம். கேர்ஸ் திட்டம் வந்தபோது ஆட்சியர், நலக் குழு, பள்ளி எல்லாம் ஒரே கணினித் தளத்தில் சேர்ந்தன. பக்கத்துக் கேந்திரிய வித்யாலயாவிலோ தனியார் பள்ளியிலோ இடம் கிடைத்தது. 2020 மார்ச் 11க்குப் பிறகு, கோவிட் காலத்தில் இழந்தவர்களுக்கு மட்டும். மஞ்சள் காமாலைக்கு இல்லை.

நாகபுரி டி.சி. நவம்பர் கடைசியில் பதிவுத் தபாலில் வந்தது. வேறு மாநிலச் சான்று என்பதால் அந்த ஊர்க் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டும் என்று டெல்லிப் பள்ளி திருப்பிக் கொடுத்தது. சித்தியின் கணவர் இரண்டு நாள் லீவு போட்டு ரயிலேறினார். மேலொப்பத்தோடு அவர் திரும்பியபோது ஜனவரி. ஒன்பதாம் வகுப்புக்கு வாரியப் பதிவு முடிந்துவிட்டது, ஏப்ரலில் வாருங்கள் என்றார்கள். ஏழு மாதம் பையன் வீட்டில் இருந்தான். கீழ்வீட்டு மளிகைக் கடையில் சாயங்காலம் கணக்கு எழுதினான்.

2019 ஏப்ரலில் மறுபடி ஒன்பதாம் வகுப்பு. ஒரு மாதம் கழித்துப் படிக்கட்டில் பார்த்தபோது எப்படி இருக்கிறது பள்ளிக்கூடம் என்று கேட்டேன்.

"அங்க முடிச்ச அல்ஜீப்ராவையே இங்க மறுபடி ஆரம்பத்துலேர்ந்து நடத்தறாங்க மாமா. கை தூக்கினா, ஃபெயிலாகி வந்தவன்னு நெனச்சுக்கறாங்க. அதனால தூக்கறதில்ல" என்றான்.