மீன்தொட்டியைக் கழுவச் சொன்னால்...



இந்த மாதம் வேறொரு விடயத்தை எழுதுவதாகத்தான் இருந்தேன். அதைத் தள்ளிவைக்கும்படியான ஒரு சம்பவம் எங்கள் பாலமுனையில் நடந்தது. அதில் என்னுடைய பிழையும் ஒன்று இருப்பதால் அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து மத்ரஸாவைத் திறந்துகொண்டிருந்தேன். என்னிடம் முன்னர் ஓதிய பிள்ளையொன்றின் உம்மா கையில் போனோடு வந்து நின்றார். மகள் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்கிறாள். முந்திய நாள் அந்த வீட்டு எஜமானி, கூடத்திலுள்ள பெரிய கடல் மீன்தொட்டியின் கற்களை வெளியே எடுத்து, சுடுதண்ணீர் ஊற்றித் தூரிகையால் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். அன்றிரவே பிள்ளைக்கு நடுக்கமும் காய்ச்சலும் இருமலும். வாயெல்லாம் இரும்பை நக்கியது போலக் கசப்பு.

“மௌலவி, இதயும் கேளுங்க” என்று சொல்லி இன்னொன்றையும் காட்டினார். யாரோ அனுப்பிய ஒரு காணொளி. மீன்தொட்டிப் பவளம் உலகத்திலேயே கொடிய நஞ்சு, தொட்டாலே மரணம், இன்றே தொட்டியை வீசுங்கள் என்று ஒரு குரல் பதறுகிறது. உம்மா அழுதுகொண்டே சொன்னார்: “எங்கட புள்ள மௌத்தாகிப் போயிடுமா மௌலவி? சின்னவன்ட மீன் போத்தலயும் நான் காலையில கொண்டு போய் வாய்க்கால்ல கொட்டிட்டேன்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பயப்படாதீங்க ராத்தா, இது தடிமன் காய்ச்சல். இந்தக் காணொளியெல்லாம் பொய். கல்லைத் தேய்ச்சா நஞ்சு வருமா?” என்றேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மஃரிபுக்குப் பிறகு மனம் ஒப்பவில்லை. மார்க்கத்தில் ஒரு மஸ்அலா கேட்டால் கிதாபைப் புரட்டாமல் பதில் சொல்லாத நான், ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விடயத்தில் எந்த அறிவை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னேன்? வைத்தியராக இருக்கும் பழைய மாணவர் ஒருவரோடு கதைத்தேன். அவர் காட்டிய கட்டுரைகளை இரவிரவாக வாசித்தேன். காணொளி பாதி பிழை. நான் சொன்னது அதைவிடப் பெரிய பிழை.

விடயம் இதுதான். முருகைக்கல் என்று நாம் சொல்லும் பவளங்களுக்கு உறவான ஓர் உயிரினம் கடலில் உண்டு. சட்டைப் பொத்தான்களை நெருக்கமாகப் பதித்தது போல, பாறையில் படர்ந்து வளரும். தொட்டால் தோல் போல மெத்தென்று இருக்கும். சோவாந்திட் என்பது அதன் பொதுப்பெயர். பச்சை, செம்மஞ்சள், ஊதா என்று அழகான நிறங்களில் இருப்பதால் கடல் மீன்தொட்டி வைப்பவர்கள் இதை விரும்பி வாங்குகிறார்கள். இந்தக் குடும்பத்தில் பாலித்தோவா என்ற வகையைச் சேர்ந்த சிலவற்றில் பலிடொக்சின் என்ற நஞ்சு இருக்கிறது.

ஹவாய்த் தீவுகளின் ஹானா என்ற ஊர் மக்களுக்கு இது பழைய செய்தி. தங்கள் கரையிலுள்ள ஒரு பாறைக் குட்டையில் வளர்வதை ஈட்டி முனையில் தடவினால் பட்டவன் பிழைக்க மாட்டான் என்று சொல்லி, அந்தக் குட்டைப் பக்கம் யாரும் போகாமல் தடுத்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து எடுத்ததிலிருந்துதான் மூர், ஷோயர் என்ற இரு விஞ்ஞானிகள் 1971இல் இந்த நஞ்சைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். அதன் அமைப்பு 1981இல்தான் பிடிபட்டது. அவ்வளவு பெரிய, சிக்கலான மூலக்கூறு.

இது உடம்பில் என்ன செய்கிறது? நம் உடம்பின் ஒவ்வொரு கலத்தின் வாசலிலும் உப்புச் சத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் ஒரு பம்பி இருக்கிறது. வாசலில் நிற்கும் காவல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நஞ்சு அந்தக் காவல்காரனைப் பிடித்துக்கொண்டு கதவை ஒரேயடியாகத் திறந்து விட்டுவிடுகிறது. உள்ளே வரக்கூடாதது வருகிறது, வெளியே போகக்கூடாதது போகிறது. தசை, இருதயம், சுவாசம் எல்லாம் இதனால் தடுமாறும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஒட்சிசன், சேலைன், சுவாசத்தை இலகுவாக்கும் மருந்து என்று உடம்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம்.

இன்னொன்றைக் கவனியுங்கள். சூடு காட்டினால் இந்த நஞ்சு அழியாது. நம் கரையோரப் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பேத்தை மீனை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அதன் நஞ்சு போகாது என்பது உங்கள் உம்மம்மாமார் சொல்லித் தந்த பாடம். இது வேறு நஞ்சு என்றாலும் அந்தக் குணம் ஒன்றுதான். ஆகவே கல்லில் சுடுதண்ணீர் ஊற்றுவதும், கல்லைப் போட்டு அவிப்பதும் நஞ்சைக் கொல்லாது. ஆவியோடும் துளிகளோடும் அதை மூக்குக்கு ஏற்றி அனுப்பும்.

நடந்தவற்றையும் சொல்கிறேன். 2007இல் அமெரிக்காவின் வேர்ஜினியாவில் ஒருவர், தொட்டியில் மிதமிஞ்சிப் பரவிய இந்த உயிரினத்தை ஒழிக்கக் கல்லில் கொதிநீர் ஊற்றினார். அந்த ஆவியைச் சுவாசித்துக் கடுமையாக மூச்சு முட்டி வைத்தியசாலைக்குப் போனார். 2012 முதல் 2014 வரை அலாஸ்காவில் வீடுகளிலும் மீன் கடைகளிலுமாகப் பத்துப் பேர் இப்படி நோயுற்றதை அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் 2015இல் வெளியிட்டார்கள். 2018 மார்ச் மாதம் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயரில் ஸ்டீவென்டன் என்ற கிராமத்தில் ஒருவர் தொட்டிக் கல்லை வெளியே எடுத்துச் சுத்தம் செய்தார். அவரோடு குடும்பத்தில் ஆறு பேரும், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் நால்வரும் வைத்தியசாலைக்குப் போக வேண்டியதாயிற்று. தொட்டியே இல்லாமலும் இது நேரும். 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவாக் கரையில் கடற்பாசி நுண்ணுயிர் ஒன்று பெருகி, இதே இனத்து நஞ்சு கடற்காற்றில் கலந்து, சுமார் 200 பேர் காய்ச்சலும் இருமலுமாக வைத்தியரிடம் போனார்கள்.

இனிப் பத்திரிகைகளும் காணொளிகளும் செய்த பிழைக்கு வருவோம். 2018 சம்பவத்துக்குப் பிறகு உலகமெங்கும் கொலைகாரப் பவளம் என்ற தோரணையில்தான் செய்தி ஓடியது. உலகின் இரண்டாவது கொடிய நஞ்சு என்றும் போட்டார்கள். அந்த அளவு எங்கிருந்து வந்தது? ஆய்வுக்கூடத்தில் விலங்குகளின் இரத்தத்தில் ஊசியால் ஏற்றி அளந்தது அது. அதைத் தொட்டியைக் கடந்து போகிற குழந்தைக்குப் பொருத்தினால் நியாயமாகுமா? ஸ்டீவென்டனில் வைத்தியசாலைக்குப் போன பத்துப் பேரும் உயிரோடு வீடு திரும்பினார்கள். தலைப்பை வாசித்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்?

இரண்டாவது, எல்லாப் பவளமும் எல்லா மீன்தொட்டியும் ஒன்றுதான் என்பது போல எழுதினார்கள். 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வொஷிங்டன் பகுதிக் கடைகளில் விற்ற சோவாந்திட்களை வாங்கிச் சோதித்தார்கள். பாலித்தோவா வகையில் சிலவற்றில் மிகக் கூடிய நஞ்சு இருந்தது. வேறு சிலவற்றில் நஞ்சே இல்லை. கடைக்காரரோ வாங்குபவரோ கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கஷ்டம்.

மூன்றாவதுதான் முக்கியமானது. என்ன செய்ததால் ஆபத்து வந்தது என்பதைத் தலைப்புகள் சொல்லவில்லை. தண்ணீருக்குள் இருக்கும்வரை அந்த உயிரினம் யாரையும் துரத்தி வருவதில்லை. வெளியே எடுத்துச் சுரண்டியது, தூரிகையால் தேய்த்தது, சுடுநீர் ஊற்றியது, வெட்டியது ஆகியவைதான் நஞ்சை வெளியே கொண்டுவந்தன. அதைச் சொல்லியிருந்தால் மக்களுக்குப் பயன்பட்டிருக்கும். பயம் மட்டும் வந்தது, பயன் வரவில்லை.

இதற்கு நேர்மாறான பிழையும் இருக்கிறது. இருபது வருடமாக வளர்க்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சில தொட்டிக்காரர்கள் சிரிக்கிறார்கள். அவரிடமிருப்பது நஞ்சில்லாத கொடியாக இருந்திருக்கலாம். அது மற்றவரின் தொட்டிக்குச் சான்றாகாது. நான் அந்த உம்மாவிடம் சொன்னதும் இந்த வகைப் பேச்சுத்தான். செய்தி வந்தால் விசாரித்துத் தெளிய வேண்டும் என்று சூரா ஹுஜுராத்தில் நமக்குக் கட்டளை இருக்கிறது. வந்த செய்தியை விசாரிக்காமல் நம்புவது போலவே, விசாரிக்காமல் பொய் என்று தள்ளுவதும் அந்தக் கட்டளைக்கு மாறானதுதான்.

சகோதரிகளே, இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நம் ஊர்களில் பவளத் தொட்டி வைத்திருப்பவர் அரிது. ஆனால் பவளத் தொட்டி வைத்திருக்கும் வீடுகளைக் கழுவித் துடைக்கும் கைகள் நம் ஊர்க் கைகள். பாலமுனையிலிருந்தும் ஒலுவிலிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் போன நம் பிள்ளைகளிடம்தான் தூரிகையைக் கொடுத்துக் கல்லைத் தேய்க்கச் சொல்கிறார்கள். ஆகவே அடுத்த முறை பிள்ளை கோல் எடுக்கும்போது இவற்றைச் சொல்லிக் கொடுங்கள்.

கடல் மீன்தொட்டியின் கல்லை வெளியே எடுத்துத் தேய்க்கவோ, சுடுநீர் ஊற்றவோ, அவிக்கவோ வேண்டாம். கண்ணாடியைத் துடைப்பது வேறு, கல்லைச் சுரண்டுவது வேறு. கல் வேலையைத் தொட்டிக்காரரை அழைத்துச் செய்யும்படி பணிவாகச் சொல்லலாம். தண்ணீருக்குள் கை வைக்க நேர்ந்தால் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அறவே தொடக்கூடாது. தண்ணீர் இறைக்கக் குழாயை வாயால் உறிஞ்சக்கூடாது. துடைத்த துணியைச் சமையலறைக்குக் கொண்டு போகக்கூடாது. வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். செத்த பவளத்தை வீச வேண்டுமானால், ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, காற்றோட்டமான இடத்தில் ஊறவிட்டு வீசுவார்கள். அந்தப் பிளீச்சோடு வினாகிரியோ வேறு கழுவும் திரவமோ சேர்த்துவிடக்கூடாது. அதிலிருந்து வேறொரு நச்சுக் காற்று எழும்பும்.

தொட்டி வேலை செய்த சில நிமிடங்களிலோ சில மணித்தியாலங்களிலோ வாயில் உலோகக் கசப்பு, நடுக்கம், காய்ச்சல், இருமல், நெஞ்சு இறுக்கம், தசை வலி, கண் எரிவு வந்தால் அதைத் தடிமன் என்று விட்டுவிடக்கூடாது. உடனே அந்த அறையை விட்டு வெளிக்காற்றுக்கு வர வேண்டும். மற்றவர்களையும் சிறுவர்களையும் வெளியேற்ற வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் நீண்ட நேரம் கழுவ வேண்டும். பிறகு வைத்தியசாலை. மூச்சு முட்டினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

வைத்தியரிடம் என்ன சொல்வது என்பதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு வரும் இடைஞ்சல். காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் பெனடோல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு அரபு வார்த்தைகள் போதும். “நள்ளஃப்து ஹவ்ளஸ் ஸமக்” என்றால் மீன்தொட்டியைக் கழுவினேன் என்று பொருள். “ஸம்முல் மர்ஜான்” என்றால் பவள நஞ்சு. சூரா அர்ரஹ்மானில் ஓதுகிறோமே, அந்த மர்ஜான்தான். ஓதத் தெரிந்த பிள்ளைக்கு இது மறக்காது. பலிடொக்சின் என்ற பெயரையும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டிலிருக்கும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. நன்னீரில் வளரும் கோல்ட்பிஷ், கப்பி மீன்களின் தொட்டியில் இந்த உயிரினம் வாழாது. சின்னவனின் போத்தலை வாய்க்காலில் கொட்ட வேண்டியதில்லை. கரையில் ஒதுங்கும் வெள்ளை முருகைக்கல் துண்டு வெறும் எலும்புதான். அதைப் பொறுக்கி விளையாடும் பிள்ளையை இந்த நஞ்சுக்காக அடிக்க வேண்டாம். பாசிக்குடாவுக்கோ திருகோணமலைப் புறாத்தீவுக்கோ சுற்றுலா போனால், கடலுக்குள் உயிரோடிருக்கும் பவளத்தைப் பிடுங்க மட்டும் விடாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம், உடம்புக்கும் நல்லதல்ல.

அந்தப் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்றிரவே உம்மாவின் வீட்டுக்குப் போய், நான் சொன்னது பிழை என்று ஒப்புக்கொண்டேன். அவர் முன்னாலேயே மகளுக்குக் கோல் எடுத்து, மேலே எழுதியவற்றைச் சொன்னேன். எஜமானியும் நல்ல மனுசி. உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனார். நெஞ்சையும் இரத்தத்தையும் பார்த்து, ஒரு நாள் வைத்திருந்து, நலமாக அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ். அது இந்த நஞ்சுதானா என்று அங்கே யாரும் உறுதி செய்யவில்லை. ஆகவே அதுதான் என்று நானும் சாதிக்க மாட்டேன்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நம் பெண்களுக்குப் பயணத்துக்கு முன் பயிற்சி அளிக்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்தையும் மின்சார அடுப்பையும் பற்றிச் சொல்லும் இடத்தில் கடல் மீன்தொட்டியைப் பற்றியும் நாலு வரி இருக்கட்டும். அதுவரை அந்த நாலு வரியைச் சொல்லும் பொறுப்பு உம்மாமாராகிய உங்களுடையது.

சின்னவனுக்குப் புதிதாக இரண்டு கப்பி மீன்கள் வாங்கிக் கொடுத்தேன். என் பிழைக்கு அது போதாது. ஆனாலும் அவன் இப்போது மத்ரஸாவுக்கு நேரத்தோடு வருகிறான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளை, அவர்கள் எந்த ஊரில் எந்த வீட்டில் இருந்தாலும், பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.