நீளத்துக்கு மார்க் போடலாமா?



பயோடெக் படிக்கும் என் பழைய மாணவர்கள் சிலர் அடிக்கடி ஒரு பட்டியலைப் பகிர்கிறார்கள். தாவரங்களின் மரபணுத்தொகுதியைக் கோத்துத் தரும் மென்பொருள்களில் எது முதல் ரேங்க், எது இரண்டாவது என்று. எனக்கு அந்த ரேங்க் கார்டில் உடன்பாடில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த இயந்திரமும் ஒரு செடியின் டி.என்.ஏ. முழுவதையும் ஒரே மூச்சில் படிப்பதில்லை. துண்டு துண்டாகத்தான் படிக்கிறது. ஓரங்கள் எங்கே பொருந்துகின்றன என்று பார்த்து ஒட்டுவது மென்பொருளின் வேலை. 2000-இல் முதன்முதலாகப் படித்து வெளியிடப்பட்ட தாவரம் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடி. அதற்குச் சுமார் 12.5 கோடி எழுத்துகள். நாம் சப்பாத்தி சுடும் கோதுமைக்கோ சுமார் 1,600 கோடி! மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு. அதிலும் 80 சதவீதத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள். பாட்டுப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டுவிட்டால், பல்லவி மட்டும் உள்ள துண்டை எந்தச் சரணத்துக்குப் பின்னால் ஒட்டுவீர்கள்? போதாக்குறைக்கு, கோதுமைக்குள் மூன்று மூதாதைப் புற்களின் தொகுதிகள் சேர்ந்து கிடக்கின்றன.

பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது என்50 என்ற எண்ணை. ஒட்டி முடித்த துண்டுகளைப் பெரியதிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டே வந்தால், மொத்தத்தில் பாதியைத் தொடும் இடத்தில் நிற்கும் துண்டின் நீளம் அது. பெரிதாக இருந்தால் நல்லதுதான். ஆனால் தப்பாக ஒட்டினாலும் அந்த எண் ஏறும்! பக்கத்தை எண்ணி விடைத்தாள் திருத்துவது போலத்தான் இது.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு குணம். கானு, தாய்வழிப் பிரதியும் தந்தைவழிப் பிரதியும் நிறைய வேறுபட்டால் தனித்தனியே வைக்கப் பார்க்கும். மொத்த அளவு வீங்கித் தெரியும், கணினி நேரத்தையும் விழுங்கும். ஃப்ளை வேகமானது, ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும் போக்கு உண்டு. 2021-இல் வெளியான ஹைஃபையாசம், பிழை குறைந்த நீண்ட துண்டுகளைக் கொடுத்தால் பிரித்தே தரும். தன்மகரந்தச் சேர்க்கையில் வளரும் நெல்லில் இரு பிரதிகளும் ஏறக்குறைய ஒன்றே, அங்கே ஒன்றாக்கினால் பெரிய நஷ்டமில்லை. உருளைக்கிழங்கில் நான்கு பிரதிகள், நான்கும் வெவ்வேறு. இரண்டுக்கும் ஒரே ரேங்க் எப்படிப் பொருந்தும்?

நோய் எதிர்ப்பு மரபணுக்கள் பல, கிட்டத்தட்ட ஒரே ஜாடையில் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. ஐந்தை ஒன்றாக ஒட்டிவிட்டால், துரு நோயைத் தாங்கும் ரகம் தேடுகிறவர் மற்ற நான்கை எங்கே போய்த் தேடுவார்? என்50 இதைச் சொல்லாது. பஸ்கோ என்ற சோதனையும் சொல்லாது. அது எல்லாத் தாவரத்திலும் பொதுவாக இருக்கும் மரபணுக்கள் வந்துவிட்டனவா என்றுதான் பார்க்கும். சுலபமான கேள்விகள் மட்டும் உள்ள வினாத்தாள்!

பிள்ளைகளே, அடுத்த முறை பட்டியல் போடும்போது எந்தச் செடி, எத்தனை பிரதி, எந்த வகைத் துண்டு என்று முதலில் எழுதுங்கள். அப்படி ஒரு மரபணுக் கொத்தை எடுத்துக்கொண்டு, அங்கே ஒவ்வொரு மென்பொருளும் என்ன செய்தது என்று காட்டுங்கள். அதை நானே பகிர்கிறேன்.