தரிசு என்று எழுதிய கை

1963-இல் மயிலைத் தேசியப் பறவை ஆக்கினோம். பறவையியலாளர் சாலிம் அலி கேட்டது கானமயிலை. அதன் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் வசவாகிவிடும் என்று பயந்துதான் விட்டுவிட்டார்களாம். மெய்யோ பொய்யோ, இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்த நேரத்தில் பாதியையாவது அந்தப் பறவைக்குக் கொடுத்திருக்கலாம். ஒரு காலத்தில் தமிழ்நாட்டிலும் இருந்தது. இன்று நாடு முழுக்கத் தேடினாலும் 150 தேறாது. அதிலும் பெரும்பகுதி ஜெய்சால்மேர் பாலைவனத்தில்.

மயிலை இறக்கிவிட்டுக் கானமயிலை ஏற்றினால் என்ன என்று இப்போது பேசுகிறோம். சிங்கத்தை இறக்கிப் புலியைத் தேசிய விலங்காக்கிய நாடுதானே இது. நானும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதற்காகத் தொண்டை வறள வாதாடியிருக்கிறேன். இன்று அந்த வேகம் இல்லை. ராஜஸ்தான் 1981-இலேயே அதை மாநிலப் பறவை ஆக்கிவிட்டது. அதே ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் கரேராவில் அதற்கென்றே சரணாலயம் வந்தது. சொந்த நிலத்தை விற்கவும் முடியாமல் அங்கிருந்த குடியானவர்கள் தவித்ததுதான் மிச்சம். கரேராவில் கானமயில் அற்றுப்போய்ப் பல காலமாகிறது. பட்டம் கட்டுவதில் நமக்கு என்றுமே குறை இருந்ததில்லை.

கானமயிலுக்கு மரம் வேண்டாம், காடும் வேண்டாம். வெட்டவெளிப் புல்வெளி போதும். வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. அந்தத் தரைக்கு நாம் வைத்த பெயர் தரிசு. எங்கே என்ன கட்டுவதென்றாலும் முதலில் கைவைப்பது அங்கேதான். தார்ப் பாலைவனத்தில் காற்றாலையும் சூரியத் தகடும் வந்தபோது சுத்தமான மின்சாரம் என்று கைதட்டினோம். கானமயிலுக்குக் கண்கள் பக்கவாட்டில். நேரெதிரே இருப்பது சரியாகத் தெரியாது. ஆண் பறவை 15 கிலோ வரை இருக்கும். அந்த மின்சாரத்தைக் கொண்டுபோகும் உயரழுத்தக் கம்பி கண்ணில் படும்போது, அந்த உடம்பைத் திருப்பிக்கொள்ள நேரம் இருக்காது. கம்பிகளை நிலத்தடியில் பதிக்க உச்ச நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. செலவு, சிரமம் என்றதும் 2024-இல் தளர்த்தியது. நம்மில் எத்தனை பேர் அதைச் செய்தியாகவாவது படித்தோம்?

என் கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. கல்லூரி நாட்களில் காங்கேயம் பக்கம் ஒரு மேய்ச்சல் நிலத்தில் மரம் நடப் போனோம். முழங்கால் உயரக் கொழுக்கட்டைப் புல். கடப்பாரையை இறக்கிய இடத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு கௌதாரி விருட்டென்று கிளம்பியது. புல்லை விலக்கிப் பார்க்கக்கூட இல்லை, அடுத்த குழிக்குப் போய்விட்டேன். ஆடு ஓட்டி வந்த பெரியவர் நின்று பார்த்தார். “ஏந் தம்பி, இங்க மரத்த வெச்சுட்டா ஆட்ட எங்க மேய்க்கறது?” விவரம் தெரியாத மனிதர் என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். சாயங்காலம் புதுமாப்பிள்ளை மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்டோம்.

போன வருஷம் அந்த வழியாகப் போனேன். வேம்பு நன்றாக வளர்ந்து நிழல் கட்டியிருக்கிறது. புல் இல்லை. கிளையில் நான்கு மயில்கள் அடைந்திருந்தன.