உரைக்கோப்பில் ஒரு நாட்குறிப்பு

சந்திப்புகளைக் குறித்துவைக்க இன்று எத்தனையோ செயலிகள் உள்ளன. எனினும் நாங்கள் இன்றும் ஒரேயோர் உரைக்கோப்பில்தான் எங்கள் கூட்டங்களையும் சந்திப்புகளையும் எழுதிவருகிறோம். வரிக்கு ஒரு சந்திப்பு. வரியின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள். 2025-03-14 என்னும் ஒழுங்கில் எழுதினால், வரிகளை வரிசைப்படுத்தியவுடன் அவை காலவரிசையில் அமைந்துவிடும். நோட்பேடில் எஃப்5 விசையை அழுத்தினால் அப்போதைய நாளும் மணியும் தாமே பதிவாகும்.

இது புதிய வழக்கமன்று. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே ‘காலண்டர்’ என்றொரு கட்டளை இருந்தது. அப்பெயருடைய உரைக்கோப்பைப் படித்து, இன்றைக்கும் நாளைக்கும் உரிய வரிகளை மட்டும் அது எடுத்துக்காட்டும்.

வெறும் உரை அழியாது, எந்தக் கணினியிலும் திறக்கும் என்பர். தமிழில் எழுதுவோர் இதை அப்படியே ஏற்பதற்கில்லை. எங்கள் கோப்பின் பழைய பகுதி 2001-இல் திஸ்கி குறியேற்றத்தில் தட்டச்சிடப்பட்டது. பல்லாண்டுகள் கழித்துத் திறந்தபோது, தமிழ் இருந்த இடமெங்கும் தலைக்குமேல் குறிகள் ஏந்திய ஐரோப்பிய எழுத்துகள் நின்றன. நாளும் மணியும் எண்களாதலால் பிழைத்திருந்தன. யாரைக் காணச் சென்றோம், எதன்பொருட்டுச் சென்றோம் என்பன மறைந்திருந்தன.

குறியேற்ற மாற்றி ஒன்றின் துணையால் அப்பகுதியை மீட்டோம். மீண்டு வந்த வரிகளுள் ஒன்று, இன்று நம்மிடையே இல்லாத மூத்த நண்பர் ஒருவருடன் குறித்திருந்த சந்திப்பு. அருகிலேயே, “மழை. போகவில்லை” என்று எழுதியிருந்தோம். அதன்பின் அவர் பெயர் அக்கோப்பில் இல்லை.

செயலியின் கட்டத்தில் அந்த இரு சொற்களை எழுதியிருப்போமா என்பது ஐயமே. அங்கே நடவாத சந்திப்பை நீக்கிவிடுவதே வழக்கம். உரைக்கோப்போ, திட்டமிட்டதையும் நேர்ந்ததையும் ஒரே வரியில் நிறுத்துகிறது. சந்திப்புப் பட்டியல் நாட்குறிப்பாவது அவ்விடத்தில்தான்.

திஸ்கிக் கோப்பு மீண்டதற்குக் காரணம், குறியீடுகள் சிதையாதிருந்தமையே. யூனிகோடில் எழுதிய தமிழைப் பழைய நோட்பேடில் ‘ஆன்சி’ என்று சேமித்தவர்களுக்கு அந்தப் பேறும் இல்லை. எழுத்துகள் அனைத்தும் கேள்விக்குறிகளாகிவிடும். எந்த மாற்றியாலும் அவற்றை மீட்க இயலாது. 2019-இன் விண்டோஸ் மேம்படுத்தலுக்குப் பின்னரே நோட்பேடில் யுடிஎஃப்-8 இயல்பமைப்பாயிற்று.

உரைக்கோப்பு மணியடித்து நினைவூட்டாது. காலையில் அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் நமக்குத்தான் வேண்டும். இக்குறையை ஒப்புக்கொண்டே இதைப் பரிந்துரைக்கிறோம். யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். இரண்டிடத்தில் படி வையுங்கள். ஆண்டுக்கொருமுறை தாளிலும் அச்சிடுங்கள். போகாத சந்திப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.