திருத்தத் திருத்தத் தெளியும் வரலாறு

நாட்டின் பழமையைக் கற்று அறிந்தோர் சிலர். கதை வாயிலாக அறிந்தோர் பலர். கோவையிலும் ஈரோட்டிலும் கரூரிலும் வாழும் மக்களுள் பதிற்றுப்பத்தை ஓதியவர் எத்துணைப் பேர்? சேரர் வரலாற்றை அவர்களிடம் கொண்டு செல்வது பெரும்பாலும் வரலாற்றுப் புதினமே. ஆகலின், அப்புதினத்தில் நேரும் பிழை கதைப்பிழையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஓர் இனத்தின் நினைவுப் பிழையாக வேரூன்றி விடுகின்றது. இதனை எண்ணிப் பார்க்கும் எழுத்தாளன் தன் முதற்படியை ஒருபோதும் அச்சுக்கு விடான்.

தமிழில் வரலாற்றுப் புதினம் வளர்ந்த வழி இதற்கு மாறானது. அது கிழமையிதழ்த் தொட்டிலில் வளர்ந்தது. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944இல் தொடங்கியும், 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரையும் கிழமைதோறும் வெளிவந்தன. அவை பெருந்திரளான மக்களை வரலாற்றின்பால் ஈர்த்தன என்பதை மறுப்பார் இலர். ஆயினும், எழுதியது அடுத்த கிழமையே அச்சேறும் முறையில், முழுக் கதையையும் ஒருங்கே வைத்து மீண்டும் எழுத வாய்ப்பேது? விரையும் கை பழகிய சொல்லையே தொடும். தமிழ் வேந்தர் சக்கரவர்த்திகளாகவும், படைத்தலைவர் சேனாதிபதிகளாகவும் உலவிய நடையைப் பின்வந்தோர் வரலாற்றுக்கே உரிய நடையென மயங்கினர்.

கொங்கு வரலாற்றைப் புதினமாக்குவோன் தன் கைப்படியை மும்முறையேனும் திருத்தி எழுதுதல் வேண்டும்.

முதல் திருத்தம் சான்று நோக்கியது. கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு, ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ எனச் சேரர் மூன்று தலைமுறையை நிரல்படக் கூறுகின்றது. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் நிகழ்ந்த அகழாய்வுகள், கல்மணி செய்தோரையும் இரும்பு உருக்கியோரையும் பானையோட்டில் தம் பெயரைக் கீறியோரையும் கண்முன் நிறுத்தின. அரண்மனையை மட்டும் எண்ணி எழுதிய முதற்படியில் இம்மக்கள் இடம்பெறார். அவர்கள் நுழைந்தால் கதையே வேறாகும்.

இரண்டாம் திருத்தம் நிலம் நோக்கியது. இன்றைய கொங்குக் காடுகளைக் கண்டு பழகிய கண், தகடூர் மேற்சென்ற பெருஞ்சேரல் இரும்பொறையின் படையை நிலக்கடலைக் காட்டின் வழியே நடத்திவிடும். மறவர்க்கு மிளகாய்க் குழம்பு ஊற்றிவிடும். முதியோர் வாயில் புகையிலையை அடக்கிவிடும். இம்மூன்றும் அமெரிக்க நிலத்திற்குரியவை. போர்த்துக்கேயர் 1498இல் கடல்வழி வந்ததற்குப் பின்னரே இங்கு வேர்விட்டவை. அவற்றைக் களைந்து, வரகையும் தினையையும் மிளகையும் அவ்விடங்களில் வைத்தல் வேண்டும்.

மூன்றாம் திருத்தமே அரியது. அது சொல் நோக்கியது. இதனை இறுதியில் பூசும் மேற்பூச்செனக் கருதுவோர், அகரமுதலியை அருகில் வைத்துக்கொண்டு ஒரு சொல்லை எடுத்து மற்றொன்றை வைப்பர். அது திருத்தமன்று. 'சபதம்' என்பதை அடித்து 'வஞ்சினம்' என எழுதுவோன் அங்கே சற்று நிற்றல் வேண்டும். வஞ்சினத்திற்குத் தமிழில் ஒரு மரபுண்டு. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் கூறிய வஞ்சினம் புறநானூற்றில் உள்ளது. பகைவரை வெல்லேனாயின் குடிமக்கள் தன்னைக் கொடுங்கோலன் எனத் தூற்றுக. மாங்குடி மருதன் முதலாய புலவர் தன் நாட்டைப் பாடாது விடுக. இரப்போர்க்கு ஈய இயலா வறுமை தன்னை எய்துக என்றான் அவன். அவனிடம் சிறைப்பட்டவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. குடிபழியாமையும் புலவர் பாடலும் ஈகையுமே அம்மன்னன் வைத்த ஈடு. வானை நோக்கி வாளுயர்த்தி முழங்கும் மேடைக் காட்சி அதற்குப் பொருந்துமா? சொல் மாறக் காட்சி மாறும். காட்சி மாறக் கதைமாந்தனின் உள்ளமே மாறும்.

தூய தமிழ் எழுதினால் நடை உயிரற்றுப் போகும் என அஞ்சுவோர் கொங்கு ஊர்ப்புறங்களில் செவி கொடுத்துக் கேட்க. உண்கலத்தை வட்டல் என்றும், வீடு தேடிவரும் உறவினரை ஒரம்பரை என்றும், உழவுத் தொழிலைப் பண்ணயம் என்றும் வழங்கும் மூதாட்டியர் எந்த அகரமுதலியையும் புரட்டியவரல்லர்.

இத்துணை உழைப்பும் வேண்டுமா என வினவுவோர்க்கு மறைமலையடிகளின் வாழ்வே விடை. 1916இல் தனித்தமிழ் இயக்கங்கண்ட அவர், முன்னரே அச்சாகிப் பெயர்பெற்ற தம் நூல்களைப் பின்வந்த பதிப்புகளில் வடசொற் களைந்து திருத்தினார். வேதாசலம் என்ற தம் பெயரையும் மாற்றிக்கொண்டார். அச்சான நூலையே திருத்தத் தயங்காத அடிகள் வழிவந்தோர், அச்சேறாத கைப்படியைத் திருத்தத் தயங்குவதோ?

புகழூர் மலையில் எழுத்து வெட்டியவன் கை பிழைத்திருப்பின் கல் கெட்டிருக்கும். தாளில் எழுதுவோனுக்கு அவ்விடர் இல்லை. மீண்டும் எழுதும் வாய்ப்பிருந்தும் எழுதாது விடுவது சோம்பல் மட்டுமன்று. முன்னோர்க்குச் செய்யும் பிழையுமாகும்.