ஜெல் பிளாஸ்டர்: ஸ்பிரிங்கை மாற்றும் முன் கொஞ்சம் நில்லுங்கள்!

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பல அப்பாக்களுக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவான பொழுதுபோக்கு, ஜெல் பிளாஸ்டர். தண்ணீரில் ஊறி 7, 8 மில்லிமீட்டருக்கு உப்பிய ஜெல் உருண்டைகளைச் சுடும் பொம்மைத் துப்பாக்கி இது. வாங்கிய சில வாரங்களிலேயே, ‘இன்னும் தூரம் போகணும், நேராகவும் போகணும்’ என்ற ஆசை வந்துவிடும். உடனே எல்லோர் கையும் போவது பெரிய ஸ்பிரிங் பக்கம்தான். பணம் வீணாவதும் பெரும்பாலும் அங்கேதான்.

உள்ளே நடப்பது எளிய விஷயம். மோட்டார் பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. அவை பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து ஸ்பிரிங்கை அழுத்துகின்றன. சக்கரத்தின் பல் தீர்ந்ததும் ஸ்பிரிங் விடுபட, பிஸ்டன் முன்னே பாய்கிறது. சிலிண்டரில் உள்ள காற்று உருண்டையைத் தள்ளுகிறது. ஆக, உருண்டையைத் தள்ளுவது காற்று. அந்தக் காற்று வழியில் கசிந்தால், எவ்வளவு பெரிய ஸ்பிரிங் போட்டும் பயனில்லை.

முதலில் கசிவைப் பாருங்கள்

கியர் பாக்ஸைப் பிரித்ததும் சிலிண்டரின் முன்துளையை விரலால் அடைத்து, பிஸ்டனைத் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் போனால் காற்று கசிகிறது என்று அர்த்தம். பிஸ்டன் தலையில் இருக்கும் ஓ-ரிங்கை மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவினாலே பல நேரம் குறை தீர்ந்துவிடும். செலவும் மிகக் குறைவு.

அடுத்தது பேரல்

பிளாஸ்டிக் பேரலுக்குப் பதில் அலுமினியம் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேரல் போட்டால் உருண்டை நேராகப் போகும். ஆனால் நீளம் கூடினால் வேகமும் கூடும் என்பது தவறு. சிலிண்டரின் காற்று தீர்ந்த பிறகும் உருண்டை பேரலுக்குள் இருந்தால், உராய்வு அதன் வேகத்தைக் குறைத்துவிடும். பேரலின் உள்விட்டமும் உருண்டையின் அளவும் பொருந்த வேண்டும். உப்பு அதிகமுள்ள தண்ணீரில் உருண்டை சிறுத்தே ஊறும். எனவே எப்போதும் ஒரே தண்ணீர், ஒரே ஊறல் நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

பேட்டரி மயக்கம்

7.4 வோல்ட்டுக்குப் பதில் 11.1 வோல்ட் பேட்டரி போட்டால் சுடும் எண்ணிக்கைதான் கூடும். உருண்டையின் வேகம் கூடாது. பிளாஸ்டிக் பல்சக்கரங்கள்தான் முதலில் பல் இழக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

7.5 மில்லிமீட்டர் உருண்டையின் எடை சுமார் 0.22 கிராம். விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் அதன் ஆற்றல் 0.4 ஜூல். ஸ்பிரிங்கை மாற்றி 75 மீட்டர் ஆக்கினால் 0.6 ஜூலைத் தாண்டும். வேகம் கால் பங்கு கூட, அடி ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது! தோலில் பட்டால் சிவந்து ஆறிவிடும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. முகத்தோடு ஒட்டி மூடும் கண்ணாடி அணியாமல், ‘சும்மா ஒரு தடவை’ என்றுகூடச் சுட்டுப் பார்க்கக் கூடாது.

சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. குயின்ஸ்லாந்தில் 2021 முதல் இதை வைத்திருக்கத் தகுந்த காரணம் வேண்டும். பொது இடத்தில் வெளியே தெரியும்படி கொண்டுபோகக் கூடாது. தெற்கு ஆஸ்திரேலியா 2020-லேயே இதை நிஜத் துப்பாக்கிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் தடையே உண்டு. உலோக பேரல் மாட்டிய பொம்மை, தூரத்தில் நிற்கும் போலீஸ்காரர் கண்ணுக்குப் பொம்மையாகத் தெரியாது.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னொரு கவனமும் தேவை. ஊறாத ஜெல் மணி ஒன்று தரையில் உருண்டு கிடந்து, குழந்தை அதை விழுங்கினால், அது வயிற்றுக்குள் போய் உப்பிக் குடலை அடைக்கக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் கண்ணாடி, அடுத்து ஓ-ரிங், பிறகு பேரல். ஸ்பிரிங் கடைசியில். முதல் மூன்றையும் சரியாகச் செய்தவர்கள், நான்காவது தேவையில்லை என்று அதை வாங்காமலே விட்டுவிடுவதும் உண்டு.