ஒடுக்கு விழுந்த குண்டான்

தண்ணீர் லாரி வருகிற நாளில் எங்கள் விருதுநகர்த் தெருவைப் பார்க்க வேண்டும்! குடம், வாளி, குண்டான் என்று வீட்டிலுள்ள பாத்திரமெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். அவை ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். கொண்டு வந்தவர்களும் இடித்துக்கொள்வார்கள். அப்படி ஒரு நாள் எதிர்வீட்டு மதினியின் அலுமினியக் குண்டான் திண்ணையிலிருந்து உருண்டு, வயிற்றில் ஓர் ஒடுக்கு வாங்கிக்கொண்டது. மதினி சும்மா இருப்பாரா? இரும்புச் சுத்தியலை எடுத்து உள்பக்கமாக நாலு போடு போட்டார். ஒடுக்கு போயிற்று, கூடவே தண்ணீரும் போயிற்று! அடித்த இடத்தில் மயிரிழை போல ஒரு கீறல்.

"சுத்தியலை எடுக்கு முன்னே என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, மதினி?" என்றேன்.

"நீங்க என்ன பாத்திரக் கடையா வச்சிருக்கீங்க?" என்றார் அவர்.

கடை வைக்காவிட்டால் என்ன? அலுமினியப் பாத்திரத்தோடு முப்பது வருஷம் குடித்தனம் செய்தவளுக்குச் சில விஷயங்கள் தெரியாமல் இருக்குமா? அவற்றை இந்த வாரம் உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், சகோதரிகளே.

நம் பக்கத்துப் பெரியவர்கள் இதை 'ஈயச் சட்டி' என்பார்கள். உண்மையில் இது ஈயமே அல்ல. இரும்பின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு உண்டு. 1886-ல் மின்சாரத்தைக் கொண்டு இதை மலிவாகப் பிரித்தெடுக்க வழி கண்டார்கள். அடுத்த பன்னிரண்டு வருஷத்துக்குள், 1898-ல், சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கிவிட்டார். அன்று நம் சமையலறைக்குள் நுழைந்தது இன்னும் போகவில்லை.

லேசான உலோகம், இளகின மனசு, தட்டினால் ஒடுங்கும். ஆனால் ஒரு வீம்பும் உண்டு. வளைக்க வளைக்க விறைத்துக்கொள்ளும். ஒரு கம்பியை அப்படியும் இப்படியும் பல தரம் மடக்கினால் ஒடிந்து போகிறதல்லவா? தகடும் அப்படித்தான். மதினியின் குண்டானுக்கு நேர்ந்ததும் அதுதான்.

ஆகையால் முதலில் வைத்தியம் அல்ல, நாடி பார்ப்பதுதான் அவசியம். ஒடுக்கின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கிண்ணம் போல வழவழவென்று குழிந்திருந்தால் பயமில்லை. நடுவே கோடு போல மடிப்பு விழுந்திருந்தால் யோசிக்க வேண்டும். நகம் எங்கேயாவது மாட்டினால் அது கீறல். அதை அடிக்கவே கூடாது.

சந்தேகமாக இருந்தால் இன்னொரு பரீட்சை இருக்கிறது. பாத்திரத்தின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்து, ஒடுக்கைச் சுற்றிச் சாக்கட்டித் தூளைப் பூசுங்கள். பிறகு உள்ளே தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலாக இருந்தாலும் தூள் ஈரமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். மேல் நாடுகளில் இதே அலுமினியத் தகட்டில் மீன்பிடி படகு செய்கிறார்கள். பாறையில் இடித்த படகைக் கரையேற்றி, உள்ளே தண்ணீரை விட்டு, வெளியே எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். படகு தண்ணீரை வெளியே நிறுத்துகிற பாத்திரம். குண்டான் உள்ளே நிறுத்துகிற பாத்திரம். பரீட்சை இரண்டுக்கும் ஒன்றுதான்!

வழவழப்பான ஒடுக்கு என்று தெரிந்துவிட்டதா? இனி வேலையைத் தொடங்கலாம். ஒரு துணிப்பையில் மணலை நிரப்பித் தரையில் வையுங்கள். ஒடுக்கு விழுந்த பக்கம் பையின் மேல் படியும்படி பாத்திரத்தைச் சாய்த்துக்கொள்ளுங்கள். உள்ளேயிருந்து கொட்டாப்புளியால் தட்டுங்கள். அது இல்லாவிட்டால் பருப்பு மத்தின் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டாலும் போதும். எடுத்தவுடன் நடுக்குழியில் தட்டாதீர்கள். ஓரத்தில் ஆரம்பித்து, கோலத்தில் சுழி போடுவது போலச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வாருங்கள். நடுவில் ஓங்கிப் போட்டால் தகடு நீண்டுவிடும். அப்புறம் அமுக்கினால் 'டொக்' என்று உள்ளே போகும். விட்டால் 'டொக்' என்று வெளியே வரும். ஆயுசுக்கும் சரியாகாது.

பதினாறணாவும் நிமிர வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், பதினாலணா போதும். முடித்தபின் தண்ணீர்ப் பரீட்சையை மறுபடி ஒரு தரம் செய்யுங்கள். அடுப்பில் காய்ச்சி நிமிர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து 660 டிகிரியில் உருகிவிடும். பட்டறைக்காரர்கள் மேலே சோப்பைத் தேய்த்து, அது கறுப்பதை அடையாளமாக வைத்துச் சூட்டை நிறுத்துவார்கள். அது அவர்கள் வித்தை, நமக்கு வேண்டாம்.

கீறலுக்கு ஈயப்பற்று வைக்கிறேன், பசை வைத்து அடைக்கிறேன் என்று யாராவது சொன்னால், சமைக்கிற பாத்திரத்துக்குச் சம்மதிக்காதீர்கள். சாப்பாட்டோடு வயிற்றுக்குள் போகக்கூடிய சங்கதி அது. மடிப்பு விழுந்த பாத்திரத்தில் புளிக்குழம்பை ராத்திரி முழுவதும் வைப்பதும் தவறு. புளியும் உப்பும் அந்த இடத்தை மெள்ள அரித்துவிடும்.

மதினியின் வீட்டுக்காரர் சிவகாசிப் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்க ஷெட்டுலயும் இரும்பு கூடாது, பித்தளையும் மரமும்தான்" என்றார். அங்கே தீப்பொறிக்குப் பயந்து. இங்கே தகட்டுக்குப் பயந்து. இன்னொன்றும் சொன்னார். மத்தாப்பில் வெள்ளை வெளேரென்று பூக்கிறதே, அது இதே அலுமினியத்தின் தூள்தான்! தகடாக இருக்கிற வரையில் அடுப்பின் மேல் சாதுவாக உட்கார்ந்திருக்கும். பொடியானால் அதுவே நெருப்பு. ஆகையால் பிசிறு போவதற்காக விளிம்பை அரத்தால் ராவுகிறவர்கள் அடுப்புக்குத் தூரமாக உட்கார்ந்து ராவுங்கள். விழுந்த தூளை உடனே துடைத்துவிடுங்கள்.

இத்தனையும் கேட்ட மதினி, ஒரு மாதம் கழித்து முந்தானையில் மூடி ஒன்றைக் கொண்டு வந்தார். பிரஷர் குக்கர்! கல்யாணத்துக்கு அவருடைய அண்ணன் சீராகக் கொடுத்தது. அண்ணன் இப்போது இல்லை. பரணிலிருந்து விழுந்து, மூடி உட்காரும் விளிம்பில் ஒடுக்கு.

"இதை எடுத்துக் கொடுத்துருங்க, மதினி. புது ரப்பர் வளையம் போட்டாச் சரியாப் போயிரும்ல?"

நான் கொட்டாப்புளியைத் தொடவில்லை. கணக்கைத்தான் சொன்னேன். குக்கருக்குள் நீராவி சுமார் 120 டிகிரிச் சூட்டில், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ வீதம் மூடியைத் தள்ளுகிறது. 20 சென்டிமீட்டர் அகல மூடியின் பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். ஆக 300 கிலோவுக்கு மேல்! நூறு கிலோ மூட்டை மூன்றை ஒரு மூடி தாங்கி நிற்கிறது. அதைப் பிடித்திருப்பது அந்த விளிம்புதான். அடித்து நிமிர்த்திய விளிம்பு பார்வைக்கு நேராகத் தெரியும். உள்ளே எவ்வளவு பலம் மிச்சம் என்று யார் கண்டார்கள்? குக்கரின் விளிம்பிலோ மூடியிலோ ஒடுக்கு விழுந்தாலும், அடிப்பாகம் புடைத்தாலும், கை வைத்தியம் கிடையாது. மறுபடி அதில் விசில் வைக்கவே கூடாது.

மதினியின் கண் கலங்கிவிட்டது. "அண்ணன் கொடுத்ததை எடைக்குப் போடச் சொல்றீங்களா?"

"யார் சொன்னது? மூடியைத்தான் போடச் சொல்கிறேன்."

இப்போது அந்தக் குக்கரில் தினமும் பால் காய்கிறது. ஒடுக்கு விழுந்த விளிம்புதான் பால் ஊற்றுவதற்கு வாகாக இருக்கிறதாம்! மறதியாகக்கூட யாரும் மூடிவிடக் கூடாதே என்று, மூடியை மட்டும் பழைய பாத்திரக்காரரின் தராசில் ஏற்றிவிட்டோம். உங்கள் வீட்டுக் குக்கரின் விளிம்பையும் இன்றைக்கே ஒரு தரம் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள், சகோதரிகளே.